எம்டனைக் காட்டிக்கொடுத்த தீவு



போன வாரம் பள்ளி விட்டதும் பழைய லயத்துப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் பாட்டியம்மா ஒருவர் பேரனைத் துரத்திக்கொண்டு நின்றார். பையன் கையில் அவருடைய வெற்றிலைப் பெட்டி. "அடேய், நீ சரியான எம்டன்டா! உன் தாத்தனைவிடப் பெரிய எம்டன்!" என்று ஏசினார். ஏச்சில் பாதி கோபம், பாதி பெருமை. மறுநாள் அந்தப் பையன் வகுப்பில் எழுந்து நின்று கேட்டான்: "சார், எம்டன்னா என்ன சார்? கெட்ட வார்த்தையா?"

வகுப்பே சிரித்தது. கெட்ட வார்த்தை இல்லையப்பா, அது ஒரு கப்பலின் பெயர் என்றேன். "கப்பல் பேரைச் சொல்லி ஏன் சார் பாட்டி ஏசணும்?" என்றான். அவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன். அன்றைய கணக்குப் பாடம் அதோடு போயிற்று. சொல்லச் சொல்லத்தான் எனக்கே ஒன்று விளங்கியது. இந்தக் கதையில் கப்பலைவிடப் பெரிய பங்கு ஒரு தந்தி நிலையத்துக்கு உண்டு. நடுக்கடலில், தென்னை மரங்களுக்கு நடுவே, தன்னந்தனியாகக் கிடந்த நிலையம் அது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப்போகிறேன்.

ஏறிய துறைமுகம், இறங்கிய துறைமுகம்

எம்டன் என்பது ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டபோது அது கீழ்த்திசைக் கடலில் இருந்தது. அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். அவர் இந்து மாக்கடலுக்குள் தனியாகப் புகுந்தார். இரண்டே மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மடக்கினார். பிடித்த கப்பலை மூழ்கடிப்பதற்கு முன்னால் அதில் இருந்த ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிடுவார். அதனால் எதிரிகளே அவரை மதித்தார்கள்.

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. பிறகு கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. பட்டணத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலி செய்து ஓடினார்கள். வந்த சுவடும் தெரியாமல் போன சுவடும் தெரியாமல் காரியம் முடிக்கிறவனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் அப்படித்தான் தமிழில் வந்தது. குண்டு விழுந்ததை நினைவூட்டும் கல் ஒன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 28 விடியற்காலை, எம்டன் நம் பினாங்குக்கே வந்தது. அந்தக் கப்பலுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகள்தான். பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தி, ஆங்கிலேயர் கப்பல்போல வேடம் போட்டு உள்ளே நுழைந்தது. துறைமுகத்தில் நின்ற செம்சுக் என்ற ருஷ்யப் போர்க்கப்பலை நொறுக்கி மூழ்கடித்தது. வெளியே போகும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் கவிழ்த்தது. இறந்த ருஷ்ய மாலுமிகளுக்கான நினைவுச் சின்னத்தை இன்றும் பினாங்கு மேற்குச் சாலை இடுகாட்டில் பார்க்கலாம்.

நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் கப்பலேறியது சென்னையில். வந்து இறங்கியது பினாங்கில். இரண்டு துறைமுகங்களையும் ஒரே கப்பல் ஒரு மாத இடைவெளியில் கலக்கியிருக்கிறது. அந்தச் சொல் கடல் தாண்டி நம் லயத்து வாசல்வரை வந்து நிலைத்ததில் ஆச்சரியம் இல்லை.

இவ்வளவு பெரிய எம்டனை மடக்கியது யார்? சுட்டு மூழ்கடித்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல். ஆனால், "இதோ இங்கே இருக்கிறான்" என்று சிட்னிக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு தீவு. அந்தத் தீவுக்குப் போவோம், வாருங்கள்.

நடுக்கடலில் ஒரு நிலையம்

சுமத்ரா, ஜாவா தீவுகளுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தொலைவில் கோக்கோஸ் தீவுகள் இருக்கின்றன. கீலிங் தீவுகள் என்றும் சொல்வார்கள். பவளப் பாறைமேல் எழுந்த 27 சிறு தீவுகள். கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரந்தான். எங்கு பார்த்தாலும் தென்னை. இப்போது அவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. ஆனால் 1903 முதல் 1955 வரை, போர்க்காலம் நீங்கலாக, அவை சிங்கப்பூர் நிர்வாகத்தின்கீழ் இருந்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1901ஆம் ஆண்டு அங்கே டைரக்ஷன் தீவு என்ற சின்னஞ்சிறு தீவில் ஒரு தந்தி நிலையம் அமைந்தது. ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து கடலடியில் வந்த தந்திக் கம்பி அங்கே கரையேறி, மறுபடி கடலில் இறங்கி, சுமார் 2,900 கிலோமீட்டர் தாண்டி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனது. பின்னர் ஜாவாவின் பத்தேவியாவுக்கும் ஒரு கம்பி போட்டார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய பத்தேவியா. 1910இல் கம்பியில்லாத் தந்திக்கும் ஒரு கோபுரம் எழும்பியது.

இந்த அத்துவானத்தில் எதற்கு நிலையம் என்று கேட்பீர்கள். நீளமான கம்பியில் போகும் மின்சாரம் போகப் போகத் தேய்ந்துவிடும். மறுமுனையில் கிடைப்பது மெல்லிய துடிப்புதான். அந்தத் துடிப்புக்கு ஏற்ப, மை ஊறும் நுண்ணிய குழாய் ஒன்று காகித நாடாவில் நெளிகோடு போடும். அந்தக் கோட்டைப் படித்து, அடுத்த கம்பியில் புதிதாகத் தட்டி அனுப்ப ஓர் ஆள் வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் கோல் மாற்றிக் கொடுப்பதை நம் விளையாட்டுப் போட்டிகளில் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுதான் வேலை. இரவு பகல் பாராமல் யாராவது ஒருவர் அந்த நாடாவின்முன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தக் கம்பியில் நமக்கும் சம்பந்தம் உண்டு. செப்புக் கம்பியைக் கடல்நீர் தொட்டுவிட்டால் செய்தி போகாது. கம்பியைச் சுற்றிப் பூச ஒரு பொருள் வேண்டியிருந்தது. பால்மரத்து ரப்பர் அதற்கு ஒத்துவரவில்லை. ஒத்துவந்தது மலாய்க் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால். கெத்தா பெர்ச்சா என்பார்கள். வெந்நீரில் போட்டால் களிமண்போல இளகும், குளிர்ந்தால் இறுகும், உப்புநீரில் பல காலம் கெடாது. சிங்கப்பூரில் இருந்த மாண்ட்காமரி என்ற டாக்டர் 1843இல் இதை லண்டனுக்கு அனுப்பிக் காட்டினார். அதன்பின் உலகக் கடல்களில் இறங்கிய பெரும்பாலான தந்திக் கம்பிகளுக்கு இந்தப் பிசின்தான் சட்டை.

நாம் பால்மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறோம். மறுநாளும் மரம் நிற்கிறது. தாபான் மரத்தை அப்படி விடவில்லை. அடியோடு வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தார்கள். ஒரு முழு மரத்துக்குக் கிடைத்ததோ கொஞ்சம். காடுகாடாக மரங்கள் விழுந்தன. ராஜாங்கங்கள் கடல் கடந்து பேசிக்கொள்ள நம் நாட்டு மரங்கள் கொடுத்த விலை அது.

நவம்பர் ஒன்பதாம் தேதி காலை

பினாங்கில் அடித்த கையோடு முல்லர் போட்ட திட்டம் இதுதான்: கோக்கோஸ் நிலையத்தை அழித்துவிட்டால் ஆஸ்திரேலியா ஒருபக்கம் ஊமையாகிவிடும்.

1914 நவம்பர் 9ஆம் தேதி காலை ஆறு மணியளவில் டைரக்ஷன் தீவு ஊழியர்கள் கடலில் ஒரு கப்பலைக் கண்டார்கள். நான்கு புகைபோக்கிகள். ஆனால் ஒன்று மட்டும் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. நிலைய மேலாளர் ஃபாரன்ட் ஏமாறவில்லை. கம்பியில்லாத் தந்தியில், "நுழைவாயிலில் அந்நியக் கப்பல்" என்று செய்தி போனது. அடுத்து, அபாய அழைப்போடு, "எம்டன் இங்கே" என்று போனது. எம்டன் தன் கருவியால் இரைச்சல் எழுப்பி அந்தச் செய்தியை அமுக்கப் பார்த்தது. ஆனாலும் தட்டிய கை நிற்கவில்லை. ஆயுதம் ஏந்திய ஜெர்மானியர்கள் படகுகளில் கரைக்கு வந்துகொண்டிருந்தபோதும் செய்தி போய்க்கொண்டிருந்தது.

சுமார் ஐம்பது பேர் கரையேறினார்கள். அவர்களுக்குத் தலைவர் ஹெல்முத் ஃபான் மூக்கே. கருவிகளை உடைத்தார்கள். கம்பியில்லாத் தந்திக் கோபுரத்தைச் சாய்த்தார்கள். அந்த நேரத்திலும் ஊழியர்கள், "ஐயா, கோபுரம் எங்கள் டென்னிஸ் திடலில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்களாம். அவர்களும் அப்படியே செய்தார்களாம். பகைக்கு நடுவிலும் மரியாதை இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலடிக் கம்பிகளையும் தேடி அறுக்கப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் அறுக்க முடியவில்லை.

செய்தி சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டிருந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்கள் 20,000க்கும் மேற்பட்டோரை ஏற்றிய கப்பல் கூட்டம் ஒன்று அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த கப்பல்களில் ஒன்றுதான் சிட்னி. தீவிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. உடனே திரும்பி விரைந்தது. ஒன்பது மணிக்குமேல் புகை தெரிந்தது. கரையில் இறங்கிய ஆட்களை ஏற்றிக்கொள்ளவும் நேரமில்லாமல் எம்டன் கிளம்பியது. இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. குண்டுகளால் சல்லடையான எம்டன், வட கீலிங் தீவின் பாறைமேல் ஏறிச் சாய்ந்தது. ஜெர்மானியர் பக்கம் 130க்கும் மேற்பட்டோரும் சிட்னியில் நால்வரும் மாண்டார்கள்.

கரையில் நின்ற மூக்கேயின் ஆட்கள் என்ன ஆனார்கள்? தீவு முதலாளிக்குச் சொந்தமான ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்துக்கொண்டு அன்று மாலையே புறப்பட்டார்கள். சுமத்ராவின் பாடாங் துறைமுகத்தைத் தொட்டு, அரபு நாட்டைக் கடந்து, 1915இல் துருக்கிவரை போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாட்டியம்மா கேட்டால், "அவனுங்கதான் அசல் எம்டன்கள்" என்பார்!

ஊமை வேடம்

அந்த நிலையத்தின் கதை அதோடு முடியவில்லை. 28 ஆண்டுகள் கழித்து மறுபடியும் போர் அதன் வாசலுக்கு வந்தது. முதல் போரில் அது கூவித் தப்பியது. இரண்டாம் போரிலோ வாயை மூடித் தப்பியது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. நம் தோட்டங்களில் மூன்றரை ஆண்டுகாலம் என்ன நடந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள் இல்லாத தோட்டம் உண்டா? அந்த நேரத்தில் மார்ச் 3ஆம் தேதி ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று கோக்கோஸ் தந்தி நிலையத்தின்மேல் குண்டு பொழிந்தது. சேதம் இருந்தது, ஆனால் நிலையம் சாகவில்லை. அப்போது ஒரு தந்திரம் செய்தார்கள். நிலையம் அழிந்துவிட்டது, இனி உதவாது என்று, சங்கேதம் ஏதுமில்லாமல் யாரும் படிக்கும் வெளிப்படையான ஆங்கிலத்தில் பத்தேவியாவுக்குச் செய்தி கொடுத்தார்கள். பத்தேவியா ஜப்பானியர் கையில் விழுந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தச் செய்தி யார் கண்ணில் பட வேண்டுமோ அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் அப்படி அனுப்பினார்கள்.

அதன்பிறகு நிலையம் செத்ததுபோலக் கிடந்தபடியே, கிழக்கே ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கே ஆப்பிரிக்கப் பக்கமும் போர் முடியும்வரை செய்திகளைக் கடத்திக்கொண்டிருந்தது. ஜப்பானிய விமானங்கள் அவ்வப்போது மேலே சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். ஆனால் அந்தத் தீவுகளில் ஜப்பானியப் படை ஒருநாளும் காலடி வைக்கவில்லை. 1945இல் பக்கத்துத் தீவில் தென்னைகளைச் சாய்த்து விமான ஓடுதளம் போட்டார்கள். மலாயாவை மீட்கும் முயற்சிக்குத் துணையாக அங்கிருந்து விமானங்கள் பறந்தன.

கல்லில் இல்லாதவர்கள்

இப்போது அங்கே என்ன இருக்கிறது? டைரக்ஷன் தீவு நிலையம் 1966இல் மூடப்பட்டது. இன்று அந்தத் தீவில் யாரும் குடியில்லை. படகு இறக்கிய சறுக்குத் தளம், ஒரு தொட்டி, சில அடித்தளங்கள், தென்னை, வெள்ளை மணல். சுற்றுலாப் பயணிகள் நீந்த வருகிறார்கள். பக்கத்தில் ஹார்ஸ்பர்க் தீவில் இரண்டாம் போர்க்காலப் பீரங்கிகள் துருப்பிடித்து நிற்கின்றன. எம்டனின் பீரங்கி ஒன்றைச் சிட்னி நகரத்துப் பூங்காவில் வைத்திருக்கிறார்கள். சிட்னி கப்பலின் கொடிமரமும் அந்த நகரத்துக் கடலோரத்தில் நிற்கிறது. கப்பலுக்கும் பீரங்கிக்கும் நினைவுச் சின்னம் கிடைத்துவிட்டது.

அந்தப் பீரங்கிகளைக் காவல் காத்தவர்களில் இலங்கையிலிருந்து கொண்டுவந்த படையினரும் இருந்தார்கள். 1942 மே 8ஆம் தேதி இரவு அவர்களில் 15 பேர், கிரேஷியன் பெர்னாண்டோ என்பவர் தலைமையில் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். வெள்ளை அதிகாரிகளின் நடத்தையும், நாம் ஏன் இவர்களுக்கு அடிமை என்ற எண்ணமும் காரணங்கள் என்பார்கள். கலகம் அந்த இரவே அடங்கியது. சக படையினர் ஒருவர் உயிரிழந்தார். பெர்னாண்டோ உட்பட மூவரை அந்த ஆண்டிலேயே தூக்கில் போட்டார்கள். சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தத் தீவின் கதையைச் சொல்கிறவர்கள் இவர்களையும் சேர்த்தால்தான் கதை முழுமையாகும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. நமக்கு மிக நெருக்கமான கூட்டம். அந்தத் தீவுகள் முழுவதும் ஒரே குடும்பத்தின் தென்னந்தோட்டம். குளூனிஸ் ராஸ் என்ற அந்தக் குடும்பத்தின் முன்னவர் 1827இல் அங்கே குடியேறினார். 1886இல் விக்டோரியா மகாராணி தீவுகளை அவர்கள் வம்சத்துக்கே எழுதிக் கொடுத்தார். அங்கே தேங்காய் பொறுக்கி, உரித்து, கொப்பரை காயவைத்தவர்கள் மலாய்த் தொழிலாளர்கள். அவர்களுடைய கூலி நாட்டுப் பணமாக வரவில்லை. தோட்டமே அச்சிட்ட சில்லு வந்தது. பிற்காலத்தில் பிளாஸ்டிக் சில்லு. அது தோட்டத்துக் கடையில் மட்டுமே செல்லும். தீவைவிட்டுப் போகிறவர் திரும்பி வர முடியாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. கடைப்பற்று வைத்து, சம்பள நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாமல் வீடு திரும்பிய நம் பாட்டன்மாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வேடிக்கை என்னவென்றால், உலகச் செய்தியெல்லாம் ஓடிய கம்பி அவர்கள் வீட்டு வாசலில்தான் கரையேறியது. லண்டனில் பேசியது பெர்த்துக்குப் போனது, பெர்த்தில் பேசியது லண்டனுக்குப் போனது. அந்தத் தென்னைக்கடியில் வாழ்ந்தவர்களின் குறை மட்டும் எந்தக் கம்பியிலும் ஏறவில்லை. 1978இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் நிலத்தின் பெரும்பகுதியை 62 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கியது. 1984இல் தீவு மக்கள் வாக்களித்து ஆஸ்திரேலியாவோடு சேர்ந்தார்கள். அதற்கு முன்பே, போருக்குப் பிந்திய ஆண்டுகளில், 1,000க்கும் மேற்பட்டவர்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறிவிட்டார்கள். சிங்கப்பூருக்கும் சபாவின் தவாவ் தோட்டங்களுக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மைப்போல இந்த மண்ணின் மக்கள்.

தந்தி கொண்டுவந்த கிராணி

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்தபோது எனக்கு என் அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது. பிள்ளைகளிடம் அதையும் சொன்னேன்.

அந்தக் காலத்தில் லயத்துக்குத் தந்தி வந்தது என்றால் என்ன அர்த்தம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். நல்ல செய்தி கடிதத்தில் வரும். சாவுச் செய்திதான் தந்தியில் வரும். ஒருநாள் காலை ஊரிலிருந்து அப்பாயிக்குத் தந்தி வந்தது. அவருடைய அம்மா இறந்துவிட்டார். தோட்டத்து ஆபீசில் அதை வாங்கிப் படித்தவர் பெரிய கிராணி. உடனே ஆள்விட்டுக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அப்பாயி வெட்டு முடித்து, காண்டா வாளியோடு பால் கொட்டகைக்கு வந்து, பால் நிறுத்து, கணக்கு எழுதி முடியும்வரை அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பிறகு பக்கத்தில் வந்து, "உட்காரம்மா" என்றார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அதன்பிறகே படித்துக் காட்டினார். முன்பே சொல்லியிருந்தால் வாளியும் கவிழ்ந்திருக்கும், அன்றைய கூலியும் போயிருக்கும்.

"அந்தக் கிராணி மனுசன்" என்று அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை ஆயிரம் மைல் கம்பி போட்டாலும், கடைசியில் செய்தியைக் கையில் வாங்குகிறவன் மனுசனாக இருக்க வேண்டும். கோக்கோசில் விடியற்காலை விழித்திருந்தவனும் சரி, எங்கள் ஆபீசில் தந்தியைப் பையில் வைத்துக் காத்திருந்தவரும் சரி, ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

அந்தப் பையன் மறுபடி எழுந்தான். "சார், அந்தக் கிராணி பேரு என்ன சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாயி இருந்தபோது கேட்கவில்லை. இப்போது கேட்க அப்பாயியும் இல்லை, அந்த ஆபீசும் இல்லை, அந்தத் தோட்டமும் இல்லை. பால்மரக் காடு செம்பனையாகி, செம்பனை வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. தீவில் பெயர் எழுதாமல் விட்டவர்களைக் குறை சொன்ன வாத்தியார், தன் வீட்டிலேயே ஒரு பெயரைத் தொலைத்துவிட்டு நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அன்று பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து நான்கு கேள்வி கேட்க வேண்டும். எந்தத் தோட்டம்? என்ன வேலை? யாரோடு வேலை செய்தீர்கள், அவர் பெயர் என்ன? மறக்க முடியாத ஒருநாள் எது? அவ்வளவுதான். பெரியவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்றேன்.

மறுநாள் அந்தப் பையன் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். பாட்டி ஏன் தாத்தாவை எம்டன் என்றார் என்று கேட்டிருக்கிறான். ஒரு மழைக்கால இரவு லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, நிலைமை மோசமாகிவிட்டதாம். ஆபீசில் இருந்த ஒரே டெலிபோனும் பேசவில்லை. வழியில் மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது. தாத்தா யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு, நெற்றியில் பால்வெட்டு விளக்கைக் கட்டிக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய் டிரெசரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. அன்றிலிருந்து அவர் எம்டன். தாத்தாவின் பெயர், டிரெசர் பெயர், பிழைத்த பிள்ளையின் பெயர் எல்லாம் அந்த நோட்டில் இருக்கின்றன. நான் சிவப்பு மையில் ஒன்றும் திருத்தவில்லை.

வாசகர்களே, இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் பேசிவிடுகிறோம். அந்தப் பேச்சும் கடல் தாண்டும்போது பெரும்பாலும் கடலடிக் கம்பிகளில்தான் ஓடுகிறது. செம்புக்குப் பதில் கண்ணாடி இழை, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் எண்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளையை ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் பெயர்களைக் கேளுங்கள். கதை தானாக வரும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.